பலகையில் பெயர் அழிந்த கடை: என் ஜீப்பின் டீசல் முள் சரியான கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையை மேப்பில் தேடினால் கிடைக்காது. பலகை ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் "ட்டோ எலக்ட்ரிக" என்பது வரைக்கும்தான் படிக்க முடியும், மீதியை வெயில் தின்றுவிட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து, ஒரு வேப்பமரம், மரத்தடியில் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திய ஓர் அம்பாசடர். அதுதான் அடையாளம். அந்த அம்பாசடர் மூன்று வருடமாக அங்கேயே நிற்கிறதாம், அதனால் வழி தப்ப வாய்ப்பில்லை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே.

எங்களுக்குக் கோட்டையூர். வீட்டில் பலகாரம் போட்டுக் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), புதுமனை என்று கொடுத்தனுப்புவது என் தொழில். அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை, மனகோலம், கைமுறுக்கு எல்லாம் தகர டின்னில் அடுக்கிப் போகும். அதை ஏற்றிப் போவது அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1989-ல் வாங்கிய மஹிந்திரா டீசல் ஜீப். அப்பச்சி போனபிறகு விற்றுவிடச் சொல்லி அண்ணன் நச்சரித்தார். பாசம் பாதி, பின்னால் 18 டின் நிற்கிறதே என்ற கணக்குப் பாதி, விற்கவில்லை.

ஜீப்பில் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து வெகுகாலம் ஆகிறது. வேகம் காட்டுவதும் கிலோமீட்டர் எண்ணுவதும் அந்த ஒரே கேபிள்தான். ஆக எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து டீசல் கணக்குப் போட எனக்கு வழியில்லை. முள் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம்.

அந்த முள் போன ஆவணியில் தடுமாற ஆரம்பித்தது. நல்ல ரோட்டில் பாதியில் நிற்கும். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் மெல்லச் சரிந்து காலிக்குப் போகும். கொஞ்ச தூரம் போனதும் தானே எழுந்து வரும். முதலில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, ஏசி போட்ட ஆபீஸ் அறை உண்டு, காபி கொடுப்பார்கள், அது போதும். "டேங்க் யூனிட் போச்சுங்க மேடம்" என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். புது யூனிட் போட்டு 3,800 ரூபாய் வாங்கினார்கள்.

டேங்க் யூனிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: டேங்குக்குள் ஒரு மிதவை, அதைப் பிடித்திருக்கும் கம்பி, கம்பியின் மறுமுனை மெல்லிய மின்கம்பி சுற்றிய ஒரு சின்னப் பட்டையில் உரசிக்கொண்டு நிற்கும். டீசல் ஏறினால் மிதவை ஏறும், உரசும் இடம் மாறும், மின்தடை மாறும், டேஷ்போர்டில் முள் நகரும். அவ்வளவுதான். இது எல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

புது யூனிட் போட்டபிறகு முள் ஆடவில்லை. ஆனால் டேங்க் நிறைய அடித்தாலும் பாதியைத் தொடவில்லை. திரும்பப் போனேன். "மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைச்சு விட்டிருக்கோம், ஓட ஓட செட்டாயிடும்" என்றார்கள். ஒன்றும் செட்டாகவில்லை. அதோடு ஜீப்புக்குள் டீசல் வாசம் வேறு வர ஆரம்பித்தது. இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அதிரசம்.

மனுஷ புத்தி இருக்கிறதே, பொய் சொல்கிறவனோடு பழகிப் பழகி அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். முள் பாதிக்குக் கீழே நின்றால் டேங்க் நிறைவு. முள் காலி என்றால் இன்னும் பாதி இருக்கிறது. சில மாதம் இந்தக் கணக்கு சரியாகவே ஓடியது. காலி என்று காட்டினபிறகு எத்தனை நாள் காலியாகவே காட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

தை மாதம் ஒரு விடிகாலை, புதுக்கோட்டைக்குக் கல்யாணப் பலகாரம் ஏற்றிக்கொண்டு போகையில், திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஜீப் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. பெட்ரோல் வண்டி என்றால் கேனில் வாங்கி ஊற்றினால் கிளம்பிவிடும். டீசல் வண்டியில் டேங்க் வற்றினால் குழாயெல்லாம் காற்றுப் புகுந்துவிடும். ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. அந்த வழியாக வந்த ஒரு லாரி டிரைவர்தான் இறங்கி வந்து உதவினார். ஐந்து லிட்டர் ஊற்றி, ஃபில்டர் மேலிருந்த ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பைக் குத்து குத்தென்று குத்தினார். முதலில் நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசலாகவே வழிந்ததும் ஸ்க்ரூவை முறுக்கினார். பிறகும் நாலைந்து தடவை செல்ஃப் எடுத்த பிறகே பிடித்தது. அந்தப் புண்ணியவான் காசு வாங்கவில்லை, ஒரு டின் சீப்புச் சீடையும் வாங்க மறுத்துவிட்டார். சுகர் என்றார். சீடையில் சுகர் இல்லையே என்பதற்குள் போய்விட்டார்.

போய்ச் சேர்ந்ததும் பெண் வீட்டு ஆச்சி டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தவர் கேட்டார்: "அதிரசம் எண்ணெயில சுட்டதா, டீசல்ல சுட்டதா?"

இருபத்திரண்டு வருடத் தொழிலில் எனக்கு இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அடுத்த நாளே பாய் கடைக்குப் போனேன். சொன்னது எங்களுக்குப் பால் கறக்கிறவர்.

பாய் ஜீப்பைத் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஆச்சி, முள்ளு செத்துப்போச்சா, ஆடுதா, பொய் சொல்லுதா?"

"முன்னாடி ஆடுச்சு பாய். இப்ப பொய் சொல்லுது."

"நிறைய ஊத்தினா எங்க நிக்குது?"

"பாதிக்குக் கீழ."

"ஹீட்டு முள்ளு?"

எஞ்சின் சூட்டைக் காட்டும் அந்த முள் சரியாக இருக்கிறது என்றேன். அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விளக்கினார். சில பழைய வண்டிகளில் ஹீட் முள்ளுக்கும் டீசல் முள்ளுக்கும் சேர்த்து ஒரே ஸ்டெபிலைசர் கரண்ட் கொடுக்கும். அது போனால் இரண்டு முள்ளும் ஒன்றாகக் கிறுக்குப் பிடித்துத் திரியும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆடுகிற முள் என்றால் எங்கேயோ பிடிப்பு விட்டுப் பிடிக்கிறது. ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் ஒயர் அறுந்திருக்கும், அல்லது ஒயர் எங்காவது பாடியில் உரசிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் ஆடாமல் நின்று பொய் சொன்னால், உறுப்பெல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று ஜோடி சேரவில்லை.

அந்தக் கடைசி வரியை அவர் சொன்னபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

பிறகுதான் எழுந்து வந்தார். சீட்டைத் தூக்கி, டேங்க் யூனிட்டில் மாட்டியிருந்த ஒற்றை ஒயரைக் கழற்றினார். சாவியைத் திருப்பச் சொன்னார். முள் அடியில் கிடந்தது. கழற்றிய ஒயரின் நுனியைப் பாடியில் பளிச்சென்ற இடமாகப் பார்த்துத் தொட்டார். முள் நிதானமாக எழுந்து ஃபுல் வரைக்கும் போனது. இரண்டு மூன்று வினாடி, எடுத்துவிட்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தால் மீட்டருக்குள் இருக்கும் சுற்று கருகிவிடுமாம். "மீட்டரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. இனி இங்கன கீழதான்." இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், ஒயரைக் கழற்றினால் ஃபுல்லும் தொட்டால் காலியும் காட்டும். எப்படியானாலும் முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தால் மேலே கோளாறு இல்லை. பெரிய கடையில் இதை யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

அடுத்தது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுத்தார். எடுக்கும்போதே "ச்சு" என்றார். ஐந்து ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான். அந்த ஐந்து ஓட்டைகளும் சம இடைவெளியில் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்களாம், யூனிட் ஒரே ஒரு திசையில் மட்டும் உட்கார வேண்டும் என்பதற்காக. போட்டவர்கள் அதை மாற்றித் திருப்பி வைத்து, நாலை முறுக்கி, ஐந்தாவது ஓட்டையில் சிலிகான் பசையை அப்பியிருக்கிறார்கள். அதிரசத்துக்கு வாசம் வந்த வழி அதுதான்.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து மிதவைக் கம்பியை மெல்ல மேலும் கீழும் அசைத்தார். அடியில் 240 ஓம், உச்சியில் 33 (மின்தடையை ஓம் கணக்கில்தான் சொல்வார்கள்). எண் தாவாமல் வழுக்கிக்கொண்டு போனது. "யூனிட்டுல கோளாறே இல்ல ஆச்சி. இது வேற வீட்டு மாப்பிள்ளை." என் ஜீப்பின் மீட்டர் எதிர்பார்ப்பது அடியில் 70 சொச்சம், உச்சியில் 10 ஓம். புது யூனிட் உச்சிக்கே போனாலும் 33-க்குக் கீழே இறங்காது, அதனால்தான் முள் பாதியைத் தொடவில்லை. டேங்க் பாதியானதும் தடை 100-ஐத் தாண்டிவிடும், மீட்டர் அதைக் காலி என்று எடுத்துக்கொள்ளும். கம்பியை எவ்வளவு வளைத்தாலும் இது மாறாது. நான் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், என் ஆறு மாதப் பொய்க் கணக்கு அச்சாக அதில் இருந்தது.

"பழசு எங்க?" என்றார்.

இந்த இடத்தில் அப்பச்சிக்கு ஒரு கும்பிடு. "மாத்தின சாமானை வாங்காம வந்தா மாத்தினதுக்கு என்ன சாட்சி" என்பார். அந்தப் பழக்கத்தில் பழைய யூனிட்டைக் கேட்டு வாங்கி, தினமணியில் சுற்றி, வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் போட்டு வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பக்க வீடுகளில் எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது, மூன்றாம் கட்டு எதற்கு இருக்கிறது? மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் முதலில் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். பித்தளை மிதவை. உள்ளே களக் களக் என்றது. டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வரச் சொல்லி, மிதவையை அதில் அமுக்கினார். ஓர் ஓரத்திலிருந்து ஊசி முனை அளவுக்குக் குமிழி வரிசையாகக் கிளம்பியது. உள்ளே இருந்த காற்று சூடேறி வெளியேறும் இடம், டீசல் உள்ளே போன ஓட்டையும் அதுவே. பணியாரம் வெந்துவிட்டதா என்று எண்ணெயில் குமிழியைப் பார்த்து வயிற்றைக் கழுவுகிறவள் நான், இதைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றேன். உள்ளே இருந்த டீசலை வடித்து, ஒரு பகல் வெயிலில் காய வைத்து, ஜீப்பிலிருந்து தள்ளிக் கடையின் மறுகோடிக்குப் போய் ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்தார். ஈயம் அதிகம் வைத்தால் மிதவை கனத்து, அதுவே இன்னொரு பொய்யாகிவிடுமாம்.

யூனிட்டை மல்டிமீட்டரில் பார்த்தார். அடியில் 74, உச்சியில் 11. நடுவில் ஓரிடத்தில் எண் லேசாக விக்கியது. பட்டையை ஒரு துணியால் துடைத்ததும் அடங்கியது.

அப்படியானால் முதன்முதலில் முள் ஏன் ஆடியது? மிதவை ஓட்டையால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் சரியாது. பாய்க்கும் அதுதான் கேள்வி. டேங்க்கின் உடம்புக்கும் சேஸிஸ் என்கிற வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 40 ஓம். ஜீப்பை ஆள் வைத்துக் குலுக்கினால் எண் ஆடியது. யூனிட்டுக்குப் போவது ஒரே ஒயர், திரும்பி வரும் வழி டேங்க்கின் இரும்பு வழியாக, அது உட்கார்ந்திருக்கும் பட்டை வழியாக, போல்ட் வழியாக. அந்தப் பட்டையில் துரு. துரு 40 ஓமைக் கூட்டினால் மீட்டர் அதை டீசல் குறைந்ததாகப் படிக்கும். எர்த் சரியில்லை, இதுதான் மூல நோய். பெரிய கடையில் யூனிட்டைக் கழற்றி மாட்டும்போது சுற்றுப்பக்கம் அசைந்து தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது, அதனால் ஆட்டம் நின்றது, அவர்கள் வைத்தியம் பலித்த மாதிரி ஆகிவிட்டது.

இதே காரைக்குடியில் துருவையும் ஆராய்ச்சி செய்கிற மத்திய அரசின் மின்வேதியியல் நிறுவனம் 1953 முதல் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே கொண்டுவந்தது. அதன் மதிலை ஒட்டி வாரத்தில் நாலு நாள் போய் வருகிற என் ஜீப்பை உட்கார்ந்து தின்றது துரு என்பதை பாயிடம் சொன்னேன். "அவுக பெரிய துருவெல்லாம் பாப்பாக ஆச்சி. சின்னதுக்கு நாமதான்" என்றார்.

வைத்தியம்: யூனிட்டின் ஒரு ஸ்க்ரூவிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர். சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து, முறுக்கி, மேலே வாசலைன் தடவினார். கார்க் ஷீட்டை வெட்டிப் புதுப் பேக்கிங் செய்தார். ஐந்து ஸ்க்ரூ. எண்ணிப் பார்த்தேன்.

அவர் முடித்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, இந்த முள்ளோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்தியவள் நான். வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட ஈரத்துணி சுற்றி, எதுவரைக்கும் துணி காயாமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் நம்புவேன். டேங்க்கைக் கிட்டத்தட்ட வற்ற விட்டு (இந்த முறை கையில் கேனோடு) ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் முள்ளைக் குறித்தேன். டேங்க் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். முதல் ஐந்துக்கு முள் அசையவே இல்லை. 20-ல் பாதிக்கு ஒரு நூல் கீழே. நிறைந்ததும் ஃபுல் கோட்டுக்கு மேலேயே ஏறிவிட்டது. ஓட்டும்போது உச்சியிலிருந்து இறங்க அடம் பிடிக்கிறது, பாதிக்குக் கீழே வந்தால் வேகமாக இறங்குகிறது. மிதவைக் கம்பி வட்டமாகச் சுற்றுகிற சாமான், லிட்டரை நேர்க்கோட்டில் காட்டாது என்றார் பாய். இருக்கட்டும். ஒரே மாதிரி காட்டினால் போதும்.

கூலி 650 ரூபாய். வேற வீட்டு மாப்பிள்ளையைத் துடைத்து, பொட்டலம் கட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டார், யாருக்காவது பொருந்தும் என்று. அதுவும் இப்போது மூன்றாம் கட்டில்.

குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இந்த வேலைக்கு நாலு நாள் ஆனது. பில் கிடையாது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். எடுத்தால் "வண்டியக் கொண்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். பெண்கள் உட்கார ஓர் இடம் இல்லை, நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. டேங்க்கைத் திறந்து வைத்திருக்கும்போது கடைப் பையன் பக்கத்தில் நின்று பீடியை எடுத்தான். பாய் பார்த்த பார்வையில் திரும்பச் சொருகிவிட்டான், ஆனாலும் என் மனசு பதறிவிட்டது. புது மாடல் கார்களை அவர் தொடுவதில்லை. "கம்ப்யூட்டர் வண்டிக்குக் கம்ப்யூட்டர்காரன்ட்ட போங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போனால் நாலு மணிக்கு மேல்தான் திரும்புவார், அதற்கு முன் போய் நிற்காதீர்கள். முன்பு யாராவது மாற்றிக் கொடுத்த பழைய சாமான் வீட்டில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது நாலு நாளுக்கும் பீடிக்குமாக.

கிளம்பும்போது, வந்ததுதான் வந்தோம், அந்த ஸ்பீடாமீட்டர் கேபிளையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பாய் ஜீப்பை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

"வேகம் தெரிஞ்சு என்ன ஆச்சி செய்யப்போறீக, இந்த வண்டில?"